அயர்வு என்றொரு குமிழ்

எங்கள் ஊரை எழுதுவது ஒன்று, சொல்வது வேறு:
வரைபடத்தில் லோட்ஸ், போலந்துக்காரர் வாயில் வூச்.
பொய்யொலி செய்து விற்கிறவளுக்கு
இதைவிடப் பொருத்தமான முகவரி கிடைக்காது.

ஜனவரி. டிராம் கம்பியில் பனி உரசி நீலப்பொறி.
பழைய நெசவாலையைத் தடுத்துக் கட்டிய வீடு, நான்காம் மாடி.
மேசைமேல் ஜெமோவித்தின் ஆம்ப்ளிஃபயர்:
முப்பது வாட்டு, நான்கு வால்வு, முதுகுப்பலகை இல்லை.
மார்ச் முதல் தேதி எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தான்.
கிதாரையும் பூட்சையும் பாதிப் பாத்திரங்களையும்
அதற்கு முன்பே எடுத்துப் போய்விட்டான்.

எனக்கிருந்தது நாற்பத்தொரு இரவு.
அளக்கத் தொடங்கினேன்.

ஒரு சைன் அலை அனுப்புவேன், ஆயிரம் ஹெர்ட்ஸ்,
கழுவித் துடைத்த தட்டுப் போல.
திரும்புகையில் அது தனியாக வராது:
ஒரு ஸ்தாயி மேலே மெல்லியதாய் இன்னொன்று,
அதற்கும் மேலே சற்றே கசந்த மூன்றாவது.
உரக்க அனுப்பினால்
உச்சி மழுங்கும், வெட்டுப்படாது;
கத்திப் பழகாதவன் கத்தியதுபோல்
குரல் கம்மும்.
அந்தக் கம்மலுக்குத்தான் காசு.

வளைகோடு வரைந்தேன். சமன்பாடு எழுதினேன்.
சூட்டுக்கு ஒரு மாறி,
தேய்மானத்துக்கு ஒரு மாறி.
வால்வு கண்விழிக்க இருபது நொடியாகும்;
அதை மட்டும் விட்டுவிட்டேன்,
வாங்குகிற யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது.

கீழ்வீட்டுத் திருமதி ஷ்மிகியெல்
துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பாள்:
அடக்கி வாசி.
இடி தரையேறி, மேசையேறி,
வால்வுக்குள் கம்பியை உலுக்கி
ஒலிபெருக்கியில் டொய்ங் என்று விழும்.
அந்தப் பதிவுகளையெல்லாம் கவனமாய் அழித்தேன்.
கவனமாய் என்றுதான் நினைத்தேன்.

மார்ச் ஒன்று. வந்தான். பூட்சைக் கழற்றவில்லை.
"இன்னும் சூடாயிருக்கே" என்றான், பெட்டியைத் தொட்டு.
ஆமாம் என்றேன்.
லிஃப்ட் ஓடவில்லை. நான் கைகொடுக்கவில்லை.

ஜூனில் பிளக்-இன் வெளிவந்தது. எட்டுக் குமிழ்.
ஏழைப் பற்றி யாரும் பேசவில்லை.
எட்டாவதற்கு அயர்வு என்று பேர் வைத்திருந்தேன்:
ஓங்கி மீட்டினால் மின்னழுத்தம் தளர்ந்து
ஸ்வரம் முழங்கால் மடித்து,
ஒரு கணம் யோசித்து, எழும்.
மான்டிவிடியோவிலிருந்து ஒருவர்: மூச்சு விடுகிறது.
ஓசாகாவிலிருந்து ஒருத்தி: சரியாகச் சொன்னால், பெருமூச்சு.
வீட்டு வாடகை ஆறு மாதத்துக்கு முன்பணமாய்க் கட்டினேன்.

அக்டோபரில் ஜெமோவித் எழுதினான், நான்கே வரி:
வாங்கினேன்.
விலை அதிகம்.
அயர்வைக் கடைசிவரை திருகிக் கேட்டேன்.
அது நம் குளிர்பெட்டி.

எழுந்து போய்ச் சமையலறையில் நின்றேன்.
பதினோரு நிமிடம் நின்றேன்.
க்ளக்.
தலைக்கு மேல் விளக்கு
இமைக்கும் நேரம் மங்கி மீண்டது.
அதற்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே மின்கம்பி.
ஆக, நாற்பத்தொரு இரவும்
வால்வின் தளர்ச்சி என்று நான் கணக்கெழுதியதில் பாதி,
இரண்டு முட்டையும் அரை எலுமிச்சையும் குளிர
ஒரு மோட்டார் முக்கியது.

வெட்கமாயிருந்தது. நேர்மையாய் நடந்துகொண்டேன்:
கணக்கிலிருந்து குளிர்பெட்டியைக் கழித்தேன்.
இப்போது வால்வு மட்டும் தளரும்,
பாடப்புத்தகத்தில் உள்ளபடி.
பதிப்பு 1.3.

இரண்டு நாளில் நூற்றுப்பதினாறு கடிதம்.
செத்துப் போச்சு.
என்ன செய்து தொலைத்தாய்?
மான்டிவிடியோக்காரர் ஒரு சொல்கூட எழுதாமல்
காசைத் திருப்பிக் கேட்டார்.

1.4இல் குளிர்பெட்டியை வைத்தேன், இருந்த இடத்திலேயே.
மாற்றக் குறிப்பில்: சிறு திருத்தங்கள்.
ஜெமோவித்துக்கும் ஒரு வரி:
கதவு ரப்பர் மாற்றியாயிற்று, அது இப்போது அடிக்கடி ஓடுவதில்லை.

பதில் வரவில்லை.
உரிமங்களைச் சரிபார்க்கும் சர்வரில்
வெள்ளிக்கிழமைப் பட்டியலின் நடுவே ஒரு பதிவு,
வூச் அல்ல, க்தான்ஸ்க்,
அதிகாலை மூன்று இருபது,
பதிப்பு 1.4.